விழித்திருக்கும் விளக்கு

அமெரிக்க நாட்டின் டென்னசி மாநிலத்தில் டிரெண்டன் என்றொரு சிற்றூர் உண்டு. அதன் நகர மண்டபத்திற்குள் நுழைவோர் வியந்து நிற்பர். கண்ணாடிப் பேழைகளில் 500-க்கும் மேற்பட்ட பீங்கான் இரவு விளக்குகள் அணிவகுத்து நிற்கின்றன. அவ்வூரிலே பிறந்து, நியூயார்க்கில் மருத்துவராய் விளங்கிய பிரெடரிக் பிரீட் அரிதின் முயன்று சேர்த்து, பிறந்த மண்ணுக்கு வழங்கிய செல்வம் இது.

முதற்பார்வையில் இவற்றை விளக்குகள் என்றே நாம் எண்ணமாட்டோம். கோட்டை, கோபுரம், தலைப்பாகை அணிந்த சுல்தான், அங்கி தரித்த துறவி என எத்தனையோ வடிவங்கள்! மனித உருவங்களின் மேற்பாதி தேநீர்க் கெண்டி; கீழ்ப்பாதி உள்ளீடற்ற பீடம். பீடத்தினுள் சிறு கிண்ணத்தில் எண்ணெயும் திரியும் இருக்கும். சுடரேற்றினால் அதன் வெப்பம் மேலுள்ள பானத்தை ஆறாமற் காக்கும். அதன் ஒளி மெல்லிய பீங்கானை ஊடுருவி அறையெங்கும் இதமாய்ப் பரவும். 19-ஆம் நூற்றாண்டில் இத்தகைய உருவங்களைச் செய்வதில் பாரிஸ் நகரத்து ஜாக்கப் பெத்தி பெரும்புகழ் பெற்றார்.

ஆயினும், இவை அழகுக்காகத் தோன்றியவை அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய இல்லங்களில் நோயாளியின் கட்டிலருகே வைக்கப்பட்டவை இவை. தொடக்கத்தில் மேலே இருந்தது கெண்டியன்று, உணவுக் கிண்ணமே. நோயுற்றோருக்குக் கஞ்சியும், குழந்தைக்குப் பாலும் நள்ளிரவிலும் சூடாய்க் கிடைக்க வேண்டுமல்லவா? அடுப்பை மூட்டி எழுப்ப அவகாசமில்லாத வேளையில் இச்சிறு சுடரே துணை நின்றது. மருத்துவர் ஒருவர் இவற்றைத் தேடித் தேடிச் சேர்த்ததில் ஒரு பொருத்தம் தெரிகிறதன்றோ?

இவ்விளக்கிற்குப் பிரெஞ்சு மொழியில் 'வெய்யேஸ்' என்று பெயர். கண்விழித்துக் காத்திருத்தல் என்னும் பொருளுடைய சொல்லினின்று பிறந்தது அது. ஆலயங்களில் நற்கருணைப் பேழையின்முன் எரியும் விளக்கையும் அந்நாட்டு மக்கள் இதே பெயரால் அழைப்பர். நோயாளியின் அறைக்கும் ஆண்டவரின் சந்நிதிக்கும் ஒரே சொல்! இருளிலும் அன்பு உறங்குவதில்லை என்பதே இவ்விரு விளக்குகளும் உரைக்கும் செய்தி.

மின்விளக்கு வந்தபின் இவை அலமாரிக்குள் அடங்கின. ஆனால் நோயுற்ற தாயின் அருகே, காய்ச்சலில் வாடும் மழலையின் அருகே, இரவெல்லாம் விழித்திருக்கும் கண்களுக்கு மாற்றாக எந்தக் கருவியும் இன்னும் தோன்றவில்லை. அக்கண்கள் விழித்திருக்கும் இல்லங்களில் இப்பழைய சுடர் இன்றும் அணையாமல் எரிகிறது.