இரண்டு முறை தோற்ற சாம்பியன்

ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 2024 சீசனில் இரண்டு ஆட்டம் தோற்றது. அக்டோபரில் ஓரிகனிடம் ஒரே புள்ளி வித்தியாசத்தில். நவம்பர் கடைசியில் பரம்பரைப் பகையான மிச்சிகனிடம், அதுவும் சொந்த மைதானத்தில், 10-13. அப்புறமும் 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று வென்று தேசியப் பட்டம் அவர்களுக்கே. நோட்டர் டேமும் சீசன் தொடக்கத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு அணியிடம் அடி வாங்கியதுதான். ப்ளே-ஆஃப் 4 அணியிலிருந்து 12 அணியாகப் பெருகிய முதல் வருடம் அது.

இதை ஓசூரில் ஒரு கல்லூரிக் கபடி அணியிடம் சொன்னால் சிரிப்பார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி பெரும்பாலும் நாக்கவுட். காலையில் முதல் ஆட்டம் தோற்றால் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு. ஜூனிலிருந்து விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து ஓடியதெல்லாம் இருபது இருபது நிமிடமாக இரண்டு பாதியில் தீர்ந்துவிடும். அமெரிக்காவிலோ ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு ஆட்டம். தோற்றவனுக்கு அடுத்த சனிக்கிழமை இருக்கிறது.

*

ஓசூரின் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தவை. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு. இரண்டு அணிகளும் ஒரே டீக்கடையில் நிற்கும். ஆனால் பல்கலைக்கழகப் போட்டியில் எதிரெதிரே நிற்க வழியில்லை. முதலமைச்சர் கோப்பை வந்தால்தான் உண்டு. ஓஹியோ ஸ்டேட்டுக்கு மிச்சிகன் இருப்பதுபோல வருடம் தவறாமல் முறைத்துக்கொள்ள ஓர் ஊர்ப்பகை நம் பையன்களுக்கு வாய்க்கவில்லை. அது பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன்.

*

85 என்ற எண். அங்கே ஒரு பெரிய கல்லூரி அணிக்கு 2024 வரை அனுமதித்த உதவித்தொகை இடங்கள் 85. இங்கே ஆண்கள் கபடியில் எடை வரம்பு 85 கிலோ. பன்னிரண்டு பேர் அணி, ஏழு பேர் களத்தில். உதவித்தொகை? ஃபீஸில் கொஞ்சம் தள்ளுபடி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

*

மாலையில் பயிற்சி பார்க்கப் போனால் காதுக்கு விருந்து. கார்னரில் நிற்பவன் “புடிடா” என்கிறான், கவரில் இருப்பவன் தெலுங்கில் “பட்டுகோ”, வெளியே உட்கார்ந்திருப்பவன் கன்னடத்தில் “ஹிடி, ஹிடி”. பாடி வந்தவன் எந்த மொழிக்கும் காத்திருக்காமல் கோட்டைத் தொட்டுவிடுகிறான். பழகுவது மண்ணில், போட்டி ‘மேட்’ விரிப்பில். மண்ணில் வழுக்கிப் போகும் கால், விரிப்பில் அப்படியே ஒட்டி நிற்கும், முட்டி திரும்பிக்கொள்ளும். முட்டிக்குப் பட்டை கட்டாத மூன்றாம் வருடப் பையன் அபூர்வம்.

*

அமெரிக்க ஆட்டம் இந்தப் பக்கம் வராமல் இல்லை. 2011-இல் எலைட் ஃபுட்பால் லீக் ஆஃப் இந்தியா என்று அறிவித்தார்கள். முன்னாள் ஃபுட்பால் பயிற்சியாளர் மைக் டிட்கா, நடிகர் மார்க் வால்பெர்க் எல்லாம் பணம் போட்டார்கள். பெங்களூர் வார்ஹாக்ஸ், சென்னை ஸ்வார்ம் என்று அணிகள். 2012-இல் கொழும்பில் ஆடினார்கள், புனே மராத்தாஸ் ஜெயித்தது. பெங்களூரு அணியின் பெயர் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி இங்கே யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. டி.வி.க்காகத் தயாரித்த சீசனுக்கு ஊர் எது, கல்லூரி எது? 2014-இல் வந்த புரோ கபடி பிடித்துக்கொண்டதற்குக் காரணம் டி.வி. மட்டுமல்ல, தெருவில் ஆள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தான்.

*

2021 ஜூலையிலிருந்து அமெரிக்கக் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். 2025-இலிருந்து கல்லூரியே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். நம் பையன்கள் அதற்கு முன்பே வழி கண்டுவிட்டார்கள்: ஞாயிற்றுக்கிழமை, ஊர்த் திருவிழா, ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் வேறொரு ஊர் பனியனில் ‘கெஸ்ட்’. ஜெயித்தால் பரிசுப் பணத்தில் பங்கு, தோற்றாலும் பிரியாணி. பி.டி. சாருக்குத் தெரியும். திங்கட்கிழமை நொண்டிக்கொண்டு வருபவனைப் பார்த்து, “எந்த ஊருடா?” என்று மட்டும் கேட்பார்.

*

கடைசி வருடத்தோடு சரி. சிப்காட்டில் அப்ரண்டிஸ், வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். பி ஷிஃப்ட்டில் இருப்பவனுக்கு மாலைப் பயிற்சி என்பதே கிடையாது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்கு உயர்மட்டப் போட்டிகளில் வாங்கிய சான்றிதழ் வேண்டும். காலை பத்து மணிக்குத் தோற்று வண்டியேறியவன் அதற்கு எங்கே போவான்?

*

நமக்கும் ஒரு லீக் வந்தால் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் எட்டுக் கல்லூரிகள், எந்தப் பல்கலைக்கழகமானாலும் சரி. எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை: 28 ஆட்டம். சனிக்கிழமைக்கு நான்கு என்றால் ஏழு வாரம். ஒரே மேட் போதும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் ஆறுக்குள் முடிந்துவிடும். கம்பெனிகளிடம் மைதானம் இருக்கிறது. அங்கே சி.எஸ்.ஆர். மேனேஜரிடம் பேசினால், “கிரிக்கெட்னா உடனே பண்ணிடலாம் சார்” என்கிறார்.