பூட்டைக் கொடுக்கலாம், சாவியைக் கொடுக்கக் கூடாது

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நாங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேர் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான கணக்கு, அறிவியல் குறிப்புகளை ஒரு சர்வரில் ஏற்றி வைத்திருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். சர்வர் என்றால் எங்கோ ஓர் ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி. மாத வாடகை கொடுக்கிறோம். முதலியார்பேட்டையில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே அதற்குள் போய் வேலை பார்க்கலாம். அப்படிப் போகிற வாசலுக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர்.

ஆரம்பத்தில் நான்கு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிடும் என்று அதை வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டு வைத்திருந்தோம். ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் (கணினித் துறையில் இருக்கிறார்) சர்வரின் பதிவேட்டைத் திறந்து காட்டினார். முந்தைய நாள் இரவு மட்டும் முன்பின் தெரியாதவர்கள் ஆயிரக்கணக்கான தடவை கதவைத் தட்டியிருந்தார்கள். 'ரூட்', 'அட்மின்', 'டெஸ்ட்' என்று ஒவ்வொரு பெயராகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். "இதெல்லாம் மனுஷங்க இல்ல சார், புரோகிராம். ராத்திரி பகல்னு பாக்காம தட்டிக்கிட்டே இருக்கும். என்னைக்காவது ஒருநாள் உங்க பாஸ்வேர்டு சிக்கிடும்" என்றார். எங்கள் பாஸ்வேர்டு பள்ளியின் பெயரும் ஓர் ஆண்டும்தான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

இந்தக் கவலை புதிதல்ல. 1995ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ கம்பியில் போகிற பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுச் சேகரித்துவிட்டார்கள். அப்போது டெல்நெட் போன்ற வழிகளில் பாஸ்வேர்டு அப்படியே, அஞ்சலட்டையில் எழுதியதுபோல, போகும். அங்கே ஆய்வாளராக இருந்த தாத்து யுலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். 1999ல் ஓப்பன்பிஎஸ்டி குழுவினர் அதன் கட்டற்ற வடிவமாக ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சைக் கொண்டுவந்தார்கள். உலகில் பெரும்பாலான சர்வர்களில் இன்று இருப்பது அதுதான்.

இதில் பாஸ்வேர்டே இல்லாமல் சாவியால் நுழைகிற வழி ஒன்று இருக்கிறது. ஒரு கட்டளை கொடுத்தால் நம் கணினியில் இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று பொதுச் சாவி. பெயர்தான் சாவி, வேலையில் அது பூட்டு. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், சர்வரின் கதவில் மாட்டலாம். இன்னொன்று தனிச் சாவி. அது நம் கணினியை விட்டு வெளியே போகவே கூடாது. நுழையும்போது நம் கணினி அந்தத் தனிச் சாவியால் ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்பும். சர்வர் தன்னிடமுள்ள பொதுச் சாவியை வைத்து அதைச் சரிபார்க்கும். கையெழுத்து ஒவ்வொரு தடவையும் மாறும். நேற்றையதை யாராவது பிடித்து வைத்திருந்தாலும் இன்றைக்கு உதவாது.

கணக்கு வாத்தியார் ஆயிற்றே, காரணம் கேட்காமல் விடுவேனா? 97ஐ 89ஆல் பெருக்கச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளை 8633 என்று போட்டுவிடும். 8633ஐக் கொடுத்து, எந்த இரண்டு பகா எண்களின் பெருக்கல் என்று கேட்டால் திணறும். எண்கள் நூற்றுக்கணக்கான இலக்கங்களில் இருந்தால் கணினியும் திணறும். 1977ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. முறை இதன்மேல்தான் நிற்கிறது. இப்போது நாங்கள் வைத்திருப்பது வேறு கணக்கு. ஆனால் போவது சுலபம், திரும்புவது கடினம் என்ற அடிப்படை அதேதான்.

இவ்வளவும் புரிந்துகொண்டு நான் செய்ததைக் கேளுங்கள். சாவியை உருவாக்கி, "பூட்டை அனுப்பிட்டேன், மாட்டிடுப்பா" என்று மாணவருக்கு வாட்ஸ்அப்பில் கோப்பை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் போன் வந்தது.

"சார், பெயர் முடிவுல 'பப்'னு இருக்கிற கோப்பை அனுப்பணும். நீங்க அனுப்பினது சாவி. நான் அழிச்சிட்டேன். நீங்களும் அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு செய்யுங்க."

"உன்னை எனக்குத் தெரியாதாப்பா? உன்கிட்ட இருந்தா என்ன?"

"என்னை நம்புறது வேற சார். வீட்டை விட்டு வெளிய போன சாவி, சாவியே இல்ல."

முப்பது வருடம் திருத்தியவன், அன்றைக்குத் திருத்தப்பட்டேன். புதிதாகச் செய்தேன். இந்தத் தடவை கடவுச்சொற்றொடரும் போட்டேன். லேப்டாப் திருடுபோனாலும் சாவி லேசில் திறக்காது. நான்கு பேரின் பூட்டுகளும் சர்வரில் ஒரே கோப்பில் ஆளுக்கு ஒரு வரியாக ஏறின. பழைய ஜன்னலை மூடாமலேயே புது ஜன்னலில் நுழைந்து பார்த்து, சரியாக இருந்த பிறகுதான் பாஸ்வேர்டு வழியை அடைத்தோம். அவசரப்பட்டு முதலிலேயே அடைத்திருந்தால் நாங்களே வெளியே நின்றிருப்போம்.

போன மாதம் எங்களில் ஒருவர், வேதியியல் ஆசிரியர், காலமானார். தாவரவியல் பூங்காவில் காலை நடைக்கு எனக்குத் துணை அவர்தான். அவருடைய லேப்டாப் பேரனிடம் போயிற்று. பதினாறாம் நாள் முடிந்த பிறகு மாணவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், அந்தச் சாவியை நிறுத்திடணும்."

கோப்பைத் திறந்தேன். நான்கு வரிகள். மூன்றாவது வரியின் கடைசியில் அவர் பெயர். பழையபடி ஒரே பாஸ்வேர்டாக இருந்தால் எல்லோருக்கும் மாற்றி, எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும். இப்போது ஒரு வரி போதும். மற்ற மூவருக்கும் எதுவும் மாறாது. யார் சாவியால் எப்போது நுழைந்தார்கள் என்பதும் பதிவேட்டில் இருக்கும். அவர் கடைசியாக வந்தது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய நாள் இரவு. அமிலம், காரம் பாடத்தில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த வரியை அழிக்கக் கை வரவில்லை. மாணவரைக் கேட்டேன். "வரிக்கு முன்னால ஒரு ஹேஷ் குறி போடுங்க சார். சர்வர் அந்த வரியைப் படிக்காது. வரி அப்படியே இருக்கும்" என்றார். போட்டேன். இப்போதும் கோப்பில் நான்கு வரிகள் இருக்கின்றன. திறப்பது மூன்று.

நீங்களும் நாலு பேர் சேர்ந்து எதையாவது நடத்துகிறீர்கள் என்றால், ஒரே பாஸ்வேர்டை ஊரெல்லாம் பகிராதீர்கள். ஆளுக்கு ஒரு சாவி வையுங்கள். யாருக்குப் பிறகு யார் பார்ப்பது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். நான் என் மகளின் பூட்டை ஐந்தாவது வரியாகச் சேர்க்கப்போகிறேன். அவளிடம் சொல்லிவிட்டேன், 'பப்' என்று முடிகிற கோப்பை மட்டும் அனுப்பு என்று.