லயத்துச் சுவர் நேராக நிற்கட்டும்: ஊவாக் குறிப்புகள்

ஹப்புத்தளை, தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை. 1890இல் தேயிலை வணிகர் லிப்டன் கட்டியது. மாடிக்கு மாடி ஜன்னல் வரிசை. மலைச்சரிவில் வெட்டிய தளங்களில் நிற்கும் இத்தகைய தொழிற்சாலைகளைப் படமெடுக்கப் பின்னால் தள்ளிப்போக அதிகம் இடம் கிடைக்காது. கமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்பக்கம் சாய்ந்துவிடும். கமராவை மட்டமாக வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவதுதான் சரியான வழி.

✽

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமராக்களில் குறைவாகக் கிடைப்பது அந்த நகரும் லென்ஸ்தான். கேனனின் 17 மி.மீ. (2009), நிக்கானின் 19 மி.மீ. (2016) இரண்டும் எஸ்.எல்.ஆருக்குச் செய்தவை, அடாப்டர் போட்டுத்தான் மாட்ட வேண்டும். 2023இல் ஃபியூஜிஃபில்ம் கொண்டுவந்த 30 மி.மீ. லென்ஸ், பெரிய சென்சார் உள்ள ஜி.எஃப்.எக்ஸ். கமராவுக்கானது. கண்ணாடித் தகட்டுக் காலத்துப் பெட்டிக் கமராக்கள் பலவற்றில் முன்பலகையையே உயர்த்தலாம்.

✽

மென்பொருளில் நிமிர்த்தலாம். ஆனால் மேற்பகுதியை இழுத்து விரிப்பதால் அங்கே நுணுக்கம் மங்கும். மேல் ஓரங்கள் சட்டத்துக்கு வெளியே போகும். தோட்டத் தொழிலாளர் லய வரிசையின் கடைசி வீட்டுத் தகரக் கூரையும் அதன் பின்னால் தெரியும் நமுனுகுல மலையின் சரிவும் அப்படித்தான் தொலைகின்றன. முதலிலேயே அகலமாக எடுத்து, ஓரங்களில் இடம் விட்டு வைக்க வேண்டும்.

✽

தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், 1921. எஃகு இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும். பாலம் அசையாது, ரயில் அசையும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. முழுதும் படிக்க விநாடியில் 15இல் ஒரு பங்கு ஆனால், மணிக்கு 20 கி.மீ. வேக ரயில் அதற்குள் 37 செ.மீ. நகர்ந்துவிடும். பெட்டியைச் சட்டம் நிறைய எடுத்தால் ஜன்னல்கள் சரிந்து தெரியும். இங்கே மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

✽

தொழிற்சாலைக்குள்ளும் அதேதான். டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக இருள் விழும்.

✽

லிப்டன் சீட் காட்சிமுனை. மூடுபனி விலகக் காத்திருக்கும் நேரமெல்லாம் மின்திரை பற்றரியைத் தின்கிறது. நிக்கானின் எஸ்.எல்.ஆர். டி850, மிரர்லெஸ் இசட்7 இரண்டும் 45.7 மெகாபிக்சல், பற்றரியும் ஒரே குடும்பம். கமரா உற்பத்தியாளர் சங்கமான சீபாவின் அளவீட்டில் முன்னதற்கு 1,840 படம், பின்னதற்கு 330. காத்திருக்கையில் கமராவை அணைத்து வையுங்கள்.

✽

ஆடி, ஆவணிக் காற்றில் லென்ஸ் மாற்றாதீர்கள். கண்ணாடி இல்லாத கமராவில் சென்சார் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். 2018இல் வந்த கேனன் ஈஓஎஸ் ஆர் போல, அணைத்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும் மாடல்கள் நல்லவை. எஃப்/11இல் எடுத்த வானத்தில் ஒவ்வொரு தூசியும் கரும்புள்ளியாகத் தெரியும்.

✽

இவ்வளவும் சொன்னாலும் மிரர்லெஸ் மலையேறுபவருக்கு நல்ல கமராதான். பாரம் குறைவு, எடுக்கும் முன்பே வெளிச்சத்தின் அளவைத் திரையில் காட்டிவிடும். கட்டடத்துக்கு மட்டும், நகரும் லென்ஸோடு ஒரு பழைய எஸ்.எல்.ஆர். கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

✽

லயங்கள் போக வேண்டியவை. அங்கே வாழும் மக்களுக்கு நல்ல வீடு வேண்டும். ஆனால் தலைமுறைகள் பிறந்து வளர்ந்த அந்தக் காம்பராக்களின் உருவம் பதிவில்லாமல் அழியக்கூடாது. கமரா வைத்திருக்கும் மலையகப் பிள்ளைகளே, உங்கள் லயத்தை இடிப்பதற்கு முன் ட்ரைபொட் வைத்து, மட்டம் பார்த்து, வரிசை முழுவதையும் எடுத்து வையுங்கள்.