தேடினால் ஆள் கிடைக்க வேண்டும்

யாங்கூனில் எங்கள் வட்டத்து இளைஞர்கள் ரத்ததானம் செய்பவர்களின் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை இணையத்தில் தேடும்படி செய்து தரச் சொன்னார்கள். எல்லாம் ஒரே ஜேசன் கோப்பு: குடும்பம், அதற்குள் உறுப்பினர்கள், ஒவ்வொருவருக்கும் தமிழ்ப் பெயர், பர்மியப் பெயர், ரத்த வகை, கடைசியாகக் கொடுத்த தேதி. டவுன்ஷிப்பும் போன் நம்பரும் மட்டும் குடும்பத்தின் கீழ் இருந்தன.

இதில் தேட எந்த லைப்ரரி? கிட்ஹப் நட்சத்திரங்களை எண்ணி முடிவு செய்யாதீர்கள். முதலில் கேள்வியை எழுதுங்கள். எங்கள் கேள்வி இதுதான்: தாம்வேயில் ஓ நெகட்டிவ் யார், கொடுத்து நான்கு மாதம் ஆகிவிட்டதா, எந்த நம்பருக்கு அழைப்பது?

பலரும் முதலில் சொல்வது ஜேசன்பாத். 2007இல் ஸ்டெஃபான் கோஸ்னர் முன்வைத்தது. ஒரே வரிக்கு வெவ்வேறு லைப்ரரிகள் வெவ்வேறு விடை தந்துகொண்டிருந்தன. 2024இல்தான் ஆர்எஃப்சி 9535 என்ற பொதுத் தரம் வந்தது. அதைப் பின்பற்றுகிறதா என்று பாருங்கள். வடிகட்டும் வரியை ஜாவாஸ்கிரிப்டாகவே இயக்கும் லைப்ரரிகளும் உண்டு. வெளியார் தட்டச்சு செய்வதை அதற்குள் விட்டால் ஆபத்து.

எங்கள் சிக்கல் வேறு. ஜேசன்பாத் ஆளைக் கண்டுபிடித்துத் தரும். அவரிடமிருந்து மேலே ஏறிக் குடும்பத்தின் நம்பரை எடுக்க அந்தத் தரத்தில் குறியீடு இல்லை. அதனால் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் ஃபிளாட்மேப்பை வைத்து, ஒவ்வொரு ஆளோடும் டவுன்ஷிப்பையும் நம்பரையும் சேர்த்து ஒரே பட்டியலாக்கினோம். பிறகு ஃபில்டர் போதும்.

லைப்ரரி தேவைப்பட்டது இன்னோர் இடத்தில். மியான்மர் 2019 அக்டோபர் 1இல் யூனிகோடுக்கு அதிகாரபூர்வமாக மாறியது. அதற்கு முந்தைய பதிவுகள் பல ஜாவ்ஜியில் இருந்தன. அந்தந்த எழுத்துருவில் பார்த்தால் ஒரே பெயர். உள்ளே இருக்கும் குறிகள் வேறு. தேடினால் வராது. கூகிளின் மியான்மர் டூல்ஸ், எழுத்து ஜாவ்ஜியா என்று கணிக்கும். யூனிகோடாக மாற்றியும் தரும்.

தமிழிலும் இது உண்டு. ‘கொ’வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டு குறிகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பட்டியலில் உள்ளதையும் தேடும் சொல்லையும் நார்மலைஸ் செய்யாவிட்டால் கொடிமலர் அக்கா கிடைக்காமல் போகலாம்.

நள்ளிரவில் ரத்தம் தேடுகிறவரிடம் ‘யாரும் இல்லை’ என்று திரை சொன்னால், அவர் நம்பிவிடுவார். ஆகவே உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பத்துப் பேரை முதலில் தேடிப் பாருங்கள். பத்துப் பேரும் வந்த பிறகு லைப்ரரியை முடிவு செய்யுங்கள்.