பெயர் வைப்பதற்கு முன்பே வந்த புயல்

2009 நவம்பர் 10 காலையில் அளந்தபோது, முந்தைய 24 மணி நேரத்தில் நீலகிரியின் கேத்தியில் பெய்திருந்த மழை 82 சென்டிமீட்டர். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்த மழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் பதிவானது 49 சென்டிமீட்டர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த இரவு நீலகிரி எதைத் தாங்கியது என்பது புரியும்.

அப்போது குன்னூர்ப் பக்கம், சரிவை வெட்டிச் சமன் செய்த இடத்தில் எங்கள் வீடு இருந்தது. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. குமரிக்கடல் பக்கமிருந்த காற்றழுத்தத் தாழ்வு அரபிக்கடலுக்கு நகர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. விலகிப் போவதைப் பற்றி ஊரில் யாரும் கவலைப்படவில்லை. நவம்பரில் மழை பெய்யத்தானே செய்யும்!

அப்பா சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையின் நுவரெலியாப் பக்கமிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலை நிறுவனமான டான்டீயின் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி ஆயுள் கான் வெட்டியே போயிற்று. தேயிலைச் சரிவில் மழைநீர் வடிய வெட்டுகிற வாய்க்காலைத்தான் தோட்டத்தில் கான் என்பார்கள். கான் தூர்ந்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிவிடும், அப்புறம் மலையைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது என்பார்.

அன்று நடுநிசியில் டார்ச் எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனவர் என்னைக் கூப்பிட்டார். மண்மேட்டின் அடியில் சாயங்காலம் வரை தெளிந்த நீர்தான் கசிந்துகொண்டிருந்தது. இப்போது அதே இடத்தில் விரல் தடிமனுக்குச் செம்மண் கரைசல் கொப்பளித்தது. டார்ச்சை மேலே திருப்பினார். நேராக நின்ற சில்வர் ஓக் மரம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. “தண்ணி தெளிவா வந்தா மலை வடியுதுன்னு அர்த்தம். கலங்கி வந்தா மலையே வருது. சாமானை விடு. அம்மாவைக் கூட்டிக்கிட்டுக் கெளம்பு தம்பி.”

மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பக்கத்து வீட்டாரையும் அப்பா தட்டி எழுப்பிக் கூட்டி வந்தார். விடிவதற்குள் அந்த மண்மேடு இறங்கி எங்கள் சமையலறையை மூடியிருந்தது.

மாவட்டத்தில் அந்த மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேத்தி, அச்சனக்கல் பக்கமெல்லாம் தூங்கியவர்கள் தூங்கியபடியே மண்ணுக்குள் போனார்கள். சாலைகள் துண்டாயின. மலை ரயில் பாதையும் பல இடங்களில் சேதமானது. இத்தனையும் நடந்த பிறகு, நவம்பர் 10 இரவு வாக்கில்தான் அரபிக்கடலில் அது புயலாக வலுத்து ‘பியான்’ என்று பெயர் பெற்றது. மறுநாள் மகாராஷ்டிரக் கரையைக் கடந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே எங்கள் மலையில் அது உயிர்களைக் கொண்டுபோயிருந்தது.

அன்றிலிருந்து புயல் செய்தியை நான் வேறு மாதிரி கேட்கிறேன். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும் என்பது கரையோரத்துக்கு உயிர்நாடியான கணக்கு. அலை எழும்புவதும் கூரை பறப்பதும் அதைப் பொறுத்தவை. மலையில் இருப்பவன் கேட்க வேண்டியது வேறு: எவ்வளவு ஈரத்தைச் சுமந்து வருகிறது, எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எந்தத் திசையிலிருந்து மலையில் மோதுகிறது? ஈரக்காற்று சரிவில் முட்டினால் மேலே ஏறியாக வேண்டும். ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழையாகக் கொட்டும். ஆகவே ‘புயல் வலுவிழந்தது’ என்ற தலைப்புச் செய்தியை நம்பி மலையில் யாரும் போர்த்திக்கொண்டு படுக்கக் கூடாது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் வலுவிழந்த பிறகுதான் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு பேரைப் பலி கொண்டது. அதே ஆண்டு அமெரிக்காவில் ஹெலீன் சூறாவளி கரையேறியது ஃபுளோரிடாவில். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்ததோ வட கரோலினாவில், பெரும்பாலும் கடலே தெரியாத அதன் மலைப்பகுதியில்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கியபோது அறுநூறுக்கும் அதிகமானோர் மாண்டார்கள். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவு தேயிலைத் தோட்டங்களையும் விட்டுவைக்கவில்லை. அப்பாவின் சொந்தங்கள் இன்னும் அங்கே லயங்கள் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். போன் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாட்டை எழுதி முடியாது. கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே தேயிலை, அதே சரிவு, அதே பாழும் நவம்பர்.

நவம்பர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1978இல் நீலகிரியில் பெரும் சரிவுகள் ஏற்பட்டது நவம்பரில். மரப்பாலத்தில் மேட்டுப்பாளையம் சாலை அடித்துச் செல்லப்பட்டது 1993 நவம்பரில். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையையும் ஐப்பசி மழையையும் குடித்து நிறைந்த மண்ணின் மேல்தான் வங்கக்கடலின் தாழ்வு மண்டலங்கள் வந்து கொட்டுகின்றன. மண் தாங்குகிற எல்லைக்கு ஏற்கெனவே வந்திருக்கும். அந்த மண்ணைச் செங்குத்தாக வெட்டி, ஓடையை மூடி, தண்ணீர் வெளியேறத் துளைகூட விடாமல் தடுப்புச்சுவர் எழுப்பி, மேலே விடுதி கட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. விடுதிக்காரர் சமவெளியில் தூங்குவார். கீழே லைன் வீட்டில் தூங்குகிறவர்கள் எங்கள் மக்கள்.

மலையில் வசிக்கும் எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால், வெளிச்சம் இருக்கும்போதே வீட்டின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். மண்ணில் புது விரிசல் கண்டாலோ, மரம் சாய்ந்தாலோ, நேற்றுவரை மூடிய கதவு இன்று மூட மறுத்தாலோ, மழை விடாமலிருந்தும் ஓடையில் தண்ணீர் திடீரென்று குறைந்தாலோ, ஊற்று கலங்கினாலோ அங்கே நிற்காதீர்கள். பக்கத்து வீட்டையும் தட்டுங்கள். பாதுகாப்பான இடத்துக்குப் போனதும் 1077க்குச் சொல்லுங்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் அது. இரவிலும் எடுப்பார்கள்.