சவரக்கத்தியோடு நடந்த ஜேக்கப் ஷ்ராம்



பேத்திக்கு 'ட்ரெஷர் ஐலண்ட்' கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அதை எழுதிய ஸ்டீவன்சன் யார் தாத்தா என்று கேட்டாள். தேடப்போன இடத்தில் ஒரு முடிதிருத்துபவர் அகப்பட்டார். இரண்டு நாளாக அவர் நினைப்புதான்.

பெயர் ஜேக்கப் ஷ்ராம். 1826-இல் ஜெர்மனியில், ரைன் ஆற்றுப் பக்கம் பிறந்தவர். 16 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பிழைப்புக்குக் கைகொடுத்தது சவரக்கத்தி. 1862-இல் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் காடு மண்டிய மலைச்சரிவு ஒன்றை வாங்கித் திராட்சை போட்டார். (ஒயின் என்றதும் சிரிக்காதீர்கள். உங்கள் வாத்தியார் ஒரு சொட்டும் தொட்டதில்லை!)

திராட்சை நட்ட உடனே காசு தராது. பழம் ஒழுங்காகப் பிடிக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். அதுவரை அடுப்பு எரிய வேண்டுமே! மனைவி ஆனி தோட்டத்தைக் கவனிக்க, இவர் கத்தியை எடுத்துக்கொண்டு பள்ளத்தாக்கு முழுக்க நடந்து சவரம் செய்தார். பிறகு சீனத் தொழிலாளர்களைக் கொண்டு மலையைக் குடைந்து, ஒயின் வைக்கக் குகைகள் அமைத்தார்.

1880-இல் புதுமணத் தம்பதியாக ஸ்டீவன்சனும் ஃபேனியும் அங்கே போனார்கள். பெண்கள் இருவரும் திண்ணையில் பேசிக்கொண்டிருக்க, ஷ்ராம் விருந்தாளியைக் குகைக்குள் அழைத்துப் போய் வகை வகையாக ருசி பார்க்க வைத்தாராம். 'சில்வராடோ ஸ்குவாட்டர்ஸ்' நூலில் ஸ்டீவன்சன் இதையும் எழுதினார்; காசில்லாத நாவிதராகத் தொடங்கியவர் என்பதையும் மறைக்காமல் எழுதினார்.

ஷ்ராம் 1905-இல் காலமானார். பின்னாளில் தோட்டம் கைமாறியது. 1972-இல் நிக்சன் பீக்கிங் போனபோது விருந்தில் ஊற்றியது அந்தத் தோட்டத்து ஒயின்தான். குகை வெட்டிய சீனர்களின் பெயர் எங்கும் என் கண்ணில் படவில்லை.

ஏன் இவ்வளவு நினைப்பு என்றால், ஒரு காரணம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் வாய்ப்பாடு தப்பாகச் சொன்ன ஒரு பையனைப் பார்த்து, "நீ அப்பன் கத்தியைப் பிடிக்கத்தான் லாயக்கு" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நானும் சிரித்தேன். அவன் அப்பாதான் மாதாமாதம் எனக்கு முடிவெட்டுவார். அடுத்த மாதமும் வழக்கம்போல அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

பெயர் சொல்ல மாட்டேன். இதை நீ படிப்பாய் என்று தெரியும். தம்பி, நான் பேசியது தப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வாப்பா. அப்பாவையும் அழைத்து வா.