ஊலாங் வாங்கிய கதை

"சர்க்கரை எட்டிப் பார்க்குது" என்று டாக்டர் சொன்னதும், என்னவருக்குப் பால் டீயை நிறுத்தினேன். வரட் டீ கொடுத்தால், "கசாயம் குடிக்கவா கல்யாணம் பண்ணினேன்?" என்கிறார்!

கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஊலாங் டீ பற்றிச் சொன்னாள். இலையை வாட்டி, பாதி நிறம் மாறும்போதே சூடு காட்டி நிறுத்திவிடுவார்களாம். துவர்ப்பு கம்மி. சீனாவிலும் தைவானிலும் பேர்போனது. நம் நீலகிரியிலும் செய்கிறார்கள்.

நாமக்கல் கடைகளில் கேட்டால், "அது என்னங்கக்கா?" என்று என்னையே கேட்டார்கள். செல்போனில் மலிவாக இருந்ததே என்று கால் கிலோ வரவழைத்தேன். வெறும் தூளும் காம்பும், மேலே சென்ட் வாசனை. மளிகைப் பணம் போச்சு. அத்தை ஒரு வாரம் சொல்லிக்காட்டினார்கள்.

அடுத்த தடவை உஷாரானேன். எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்று போட்டிருக்கிறதா பார்த்து, குன்னூர்ப் பக்கத்திலிருந்து 50 கிராம் மட்டும் வாங்கினேன். 400 ரூபாய்! வயிற்றைக் கலக்கியது. ஆனால் இலை முழுசாக, முறுக்கிக்கொண்டு இருந்தது. கொதி அடங்கிய தண்ணீரில் 2 கிராம் போட்டு மூன்று நிமிஷம். அதே இலை மூன்று தடவை இறங்குகிறது. கணக்குப் பார்த்தால் டம்ளர் ஐந்தரை ரூபாய்கூட ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டு டீயே இதைவிட விலை.

ஒன்று, சகோதரிகளே: எந்த டீயும் சாப்பாட்டோடு வேண்டாம். இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

அத்தை இன்னும் வரக்காப்பிதான். இவர் தானாகவே டம்ளரை நீட்டுகிறார். கூடவே முறுக்கு டப்பாவைத் தேடுவதைத்தான் நிறுத்த முடியவில்லை.